ஆளைக் கேட்காமல் மனையைக் காட்டும் அலுவலகம்: ராமநாதபுரம் கடலோர வீட்டுமனைச் சேவை ஒன்றைப் பற்றி

ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் செல்லும் சாலையில் இயங்கிவரும் ஒரு வீட்டுமனை அலுவலகத்தின் சேவையை இங்கே மதிப்பிட்டு எழுதுகிறேன். தேவிபட்டினம் முதல் தொண்டி வரை நீளும் பாக் விரிகுடாக் கரையிலும், திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரை செல்லும் மன்னார் வளைகுடாக் கரையிலும் மனை விற்றுக் கொடுப்பதும், வீடுகளை வாடகைக்குப் பேசி முடிப்பதும் இவர்கள் தொழில். பணி ஓய்வுக்குப் பின் கடலோரத்தில் ஐந்து சென்ட் வாங்கி வீடு கட்டும் எண்ணத்துடன் நான் இவர்களிடம் சென்றேன். அதே சமயத்தில் என்னோடு பல காலம் பணியாற்றிய நண்பர் ஒருவரும் இவர்கள் மூலமே மனை தேடினார். அவர் கீழக்கரைப் பக்கத்து இஸ்லாமியர். இருவருடைய அனுபவத்தையும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பாராட்டும் குறையும் கலந்து வருவதால் அலுவலகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். சிறிய ஊரில் பெயர் வெளிவந்தால் பேச்சு முழுவதும் மனிதர்கள் மீது திரும்பிவிடும். நான் பேச விரும்புவதோ அவர்களுடைய நடைமுறையைப் பற்றி.

இந்தக் கரையில் மனை கேட்டுப் போகும் எவருக்கும் விலை சொல்லப்படுவதற்கு முன்பே ஒரு விசாரணை நடந்து முடிந்துவிடுகிறது. "சொந்த ஊரு எது? ஊர்ல எந்தத் தெரு?" என்று தரகர் தேநீர் கொடுத்துக்கொண்டே கேட்பார். பெயரைச் சொன்னதும் மதம் தெரிந்துவிடுகிறது, தெருவைச் சொன்னதும் சாதி தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு காட்டப்படும் மனைகளின் பட்டியல் அந்தப் பதிலைப் பொறுத்தே அமைகிறது. "அந்த மனை முடிஞ்சிருச்சு சார்" என்ற ஒரு வரியில் எத்தனை குடும்பங்கள் திருப்பி அனுப்பப்பட்டிருக்கும் என்பதை எவரும் கணக்கெடுத்ததில்லை. இந்த அலுவலகத்தில் என்னிடம் கேட்கப்பட்டவை நான்கு: எவ்வளவு பரப்பு, எவ்வளவு பணம், வங்கிக் கடன் உண்டா, எப்போது கட்டப் போகிறீர்கள். நண்பரிடமும் இதே நான்குதான் கேட்கப்பட்டன. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர், தமக்கும் அங்கே வேறு கேள்வி எழவில்லை என்று என்னிடம் உறுதியாகச் சொன்னார். இதற்காக மட்டுமே இந்த அலுவலகத்தைப் பற்றி நான்கு பேரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

முதலில் அவர்களுடைய விளம்பரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பாகுபாடு தொடங்கும் இடமும் அதுவே. இவர்கள் உள்ளூர் கேபிள் டிவியிலும் துண்டுப் பிரசுரத்திலும் வாட்ஸ்அப்பிலும் வெளியிடும் ஒவ்வொரு விளம்பரத்திலும் சர்வே எண், பட்டாவின் நிலை, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண், ரெரா (வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், சதுர அடியிலும் சென்டிலும் பரப்பு, சாலையின் அகலம் ஆகியவை இடம்பெறுகின்றன. நிலத்தடி நீர் நல்ல நீரா, உவர் நீரா என்பதும் சொல்லப்படுகிறது. நம் கரையில் இதை விளம்பரத்திலேயே ஒப்புக்கொள்ளும் விற்பனையாளர் அரிது. கடலின் உயர் ஓத எல்லைக் கோட்டிலிருந்து, அதாவது அலையேற்றத்தின்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து, மனை எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பதையும் அச்சிடுகிறார்கள். அந்தக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலம் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைக்கு உட்பட்டது என்பதால், வீடு கட்ட முடியுமா என்பதையே இந்த ஒரு தகவல் தீர்மானிக்கக்கூடும். பேருந்து நிறுத்தம், அரசுப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றின் தூரமும் உண்டு. யார் வாங்கலாம், யார் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள் என்பது பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

வழிபாட்டிடங்களை இவர்கள் குறிப்பிடும் முறை எனக்குப் பிடித்திருந்தது. மனையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எவை இருந்தாலும் அனைத்தையும் வரைபடத்தில் ஒரே அளவு எழுத்தில் குறிக்கிறார்கள். ஒன்றை மட்டும் பெரிதாக அச்சிட்டு மற்றதை மறைப்பதே, வெளிப்படையாகச் சொல்லாமல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வழி. மனைப்பிரிவுக்கு ஒரு சாதித் தலைவரின் பெயரைச் சூட்டி, நுழைவு வளைவில் அவருடைய படத்தையும் பொறித்துவிட்டால், "எங்களவர்க்கு மட்டும்" என்று தனியாக எழுத வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. இவர்களுடைய மனைப்பிரிவுகளுக்கு மரங்களின் பெயர்களும் பழைய ஊர்ப் பெயர்களுமே இருக்கின்றன.

ஒப்பிடுவதற்காக மற்றவர்களின் விளம்பரங்கள் சிலவற்றைத் திரட்டி வைத்துப் பார்த்தேன். "நம்மவர்களுக்கு முன்னுரிமை", "ஒரே சமூகத்தார் வாழும் அமைதியான பகுதி", "சைவக் குடும்பத்தினருக்கு மட்டும்" ஆகியவை நமக்குப் பழகிப்போனவை. என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மனைப்பிரிவு ஒன்றை, "மீனவர் நடமாட்டம் இல்லாத தனிக் கடற்கரை" என்று விளம்பரப்படுத்தியிருந்தார்கள். வலை உலர்த்தவும் வள்ளத்தைக் கரையேற்றவும் கருவாடு காயவைக்கவும் தலைமுறைகளாகப் பயன்பட்டுவரும் மணலை, அம்மக்கள் இல்லாததையே ஒரு சிறப்பாகச் சொல்லி விற்கிறார்கள். கடற்கரை அரசின் புறம்போக்கு; அதைத் தனியார் எவரும் விற்கவும் முடியாது, வேலியிட்டு அடைக்கவும் முடியாது. சுமார் 237 கிலோமீட்டர் கடற்கரை கொண்ட மாவட்டத்தில், கடலுக்குச் செல்பவர்களையே வேண்டாதவர்களாகக் காட்டும் ஒரு வாசகம் எவ்விதத் தயக்கமுமின்றி அச்சேறுகிறது என்பது பெரும் அநீதி. புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டதைக் காட்டி மண்டபம், உச்சிப்புளிப் பக்கத்து மனைகளைக் கூவி விற்பவர்கள் பெருகியிருக்கும் நேரத்தில் இத்தகைய வாசகங்களுக்கும் இடம் அதிகமாகிறது. நான் எழுதும் அலுவலகம் கடலை ஒட்டிய மனைகளுக்கான விளம்பரத்தில் "மீனவர்கள் கடலுக்குச் செல்லும் பாதை மனைப்பிரிவின் வடக்கு எல்லையில் உள்ளது, அது அடைக்கப்படாது" என்று எழுதியிருந்தது. வாங்க வருபவருக்கும் ஊராருக்கும் ஒரே நேரத்தில் உண்மையைச் சொல்லும் வரி அது.

விளம்பரத்தில் வீட்டை மட்டும் சொல்ல வேண்டும், ஆளைச் சொல்லக் கூடாது என்பதை அமெரிக்கா 1968-லேயே சட்டமாக்கியது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அடுத்த வாரமே கையெழுத்தான அந்நாட்டு நியாய வீட்டுவசதிச் சட்டம், இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றின் அடிப்படையில் விருப்பத்தையோ வரம்பையோ காட்டும் விளம்பரத்தைத் தருவதையும் அச்சிடுவதையும் தடைசெய்கிறது. பாலினம் 1974-இலும், உடற்குறையும் குழந்தைகளுள்ள குடும்பம் என்பதும் 1988-இலும் சேர்க்கப்பட்டன. எந்தச் சொல் கட்டடத்தை விவரிக்கிறது, எந்தச் சொல் மனிதரை வடிகட்டுகிறது என்பதை விளக்கி அந்நாட்டு வீட்டுவசதித் துறை 1995-இல் ஒரு வழிகாட்டுதலும் வெளியிட்டது. பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து செல்லும் தூரம் என்பது போன்ற விவரங்கள் இடத்தைப் பற்றியவை என்பதால் குற்றமாகா என்று அது தெளிவாக்கியது. அச்சு விளம்பரத்தோடு இது நின்றுவிடவில்லை. வீட்டு விளம்பரங்களை யாருக்குக் காட்டலாம், யாருக்கு மறைக்கலாம் என்று தேர்வுசெய்ய வழிவைத்ததாக ஃபேஸ்புக் மீது 2019 மார்ச்சில் அதே துறை குற்றம் சாட்டியது.

நம் நாட்டில் நிலைமை வேறு. 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத்திட்டம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது. பொய்யான விளம்பரத்தை நம்பி இழந்தவருக்கு இழப்பீடு உண்டு என்கிறது. சாதி, மதம் பார்த்து விற்க மறுப்பதைத் தடுக்கும் தனிப் பிரிவு அதில் இல்லை. ஆனால் சட்டமே இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. தீண்டாமையின் பெயரால் ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பது 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவின்படி ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர்களுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் வீடு வாங்கவும் வாடகைக்குக் குடியிருக்கவும் உள்ள உரிமையை வெளிப்படையாகவே காக்கின்றன. மதத்தின் பேரில் மறுக்கப்படும் வீட்டுக்குத்தான் நேரடியான சட்டப் பாதுகாப்பு மெலிந்திருக்கிறது. பார்சி அல்லாதவரை உறுப்பினராக்க மறுத்த அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கத்தின் விதியை உச்ச நீதிமன்றம் 2005-இல் ஏற்றுக்கொண்டது; 2011-இல் இந்திய மருத்துவ சங்க வழக்கிலோ, சாதி, மதம் பார்த்து எவரையும் கடைகளில் தடுக்கக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 15(2) பிரிவில் வரும் கடைகள் என்பதற்குள் பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் எவரும் அடங்குவர் என்று விரிவான பொருள் தந்தது. இந்த இடைவெளியில், தரகு அலுவலகம் தானாகவே வகுத்துக்கொள்ளும் ஒழுங்கு மிகுந்த மதிப்புடையதாகிறது.

அந்த ஒழுங்கு நில உரிமையாளர்களிடம்தான் முதலில் சோதிக்கப்படுகிறது. உரிமையாளர் நிரப்பித் தரும் படிவத்தில் "யாருக்கு" என்ற கட்டமே இல்லை. நான் அங்கே அமர்ந்திருந்தபோது ஒரு பெரியவர், "நம்ம ஆளுகளா பாத்து முடிச்சுக் குடும்மா; வேத்து ஆளு வந்தா ஊர்ல பேசுவாக" என்றார். அலுவலகத்தை நடத்தும் அம்மையார் குரலை உயர்த்தவில்லை. "அய்யா, விலையில கறாரா இருங்க, அது உங்க உரிமை. ஆளு பாத்து விக்கணும்னா எங்களால முடியாது, நீங்களே பாத்துக்கங்க" என்று படிவத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு வியாபாரத்தை இழந்து அவர் அதைச் செய்ததை நான் நேரில் பார்த்தேன் என்பதால் இங்கே பதிவுசெய்கிறேன். அதே சமயம், வாங்குபவரைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை எல்லாமே பாகுபாடு ஆகிவிடாது என்பதும் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1892-இல் சென்னை மாகாண அரசு தொடங்கிய பஞ்சமி நில ஒப்படையும், பின்னர் ஆதிதிராவிட மக்களுக்கு நிபந்தனைப் பட்டாவில் தரப்பட்ட நிலங்களும் அம்மக்களிடமிருந்து பறிபோகாமலிருக்கவே விற்பனைத் தடை பெற்றன. பழைய ஆவணங்களில் அத்தகைய குறிப்பு கண்ணில் பட்டால் அந்த நிலத்தை வேறு எவருக்கும் காட்ட இவர்கள் மறுத்துவிடுகிறார்கள்.

இனி குறைகளுக்கு வருகிறேன். விளம்பரம் தூய்மையாக இருந்தும், மனையைக் காட்ட அழைத்துச் செல்லும் வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில் பழைய வழக்கம் உயிரோடிருக்கிறது. தேவிபட்டினத்துக்கு அருகில் உள்ள ஒரு மனையைக் குறிப்பிட்டு நானும் நண்பரும் தனித்தனியே விசாரித்தோம். என்னை நேராக அங்கே அழைத்துச் சென்றார்கள். நண்பரை அழைத்துச் சென்ற இளைஞர் வண்டியைப் பெரியபட்டினம் பக்கம் திருப்பி, "உங்களுக்கு இந்தப் பக்கம்தான் தோதா இருக்கும் பாய், பள்ளிவாசலும் பக்கம், நம்ம சனங்களும் இருக்காங்க" என்று அக்கறையோடு சொல்லியிருக்கிறார். "நான் கேட்டது தேவிபட்டினம் மனை, தம்பி. எனக்கு எது தோதுன்னு நான் பாத்துக்கறேன்" என்று நண்பர் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த இளைஞரிடம் வெறுப்பு இல்லை என்றுதான் நண்பரும் நம்புகிறார். ஆனாலும் விளைவு ஒன்றுதான்: கேட்ட மனை காட்டப்படவில்லை. முகத்தைப் பார்த்து வாடிக்கையாளரை ஒரு பகுதிக்குத் திருப்பிவிடும் இவ்வழக்கம் அமெரிக்கச் சட்டத்துக்கு விரோதமானது. அதைக் கண்டறிய வெவ்வேறு இனத்தவர் இருவரை ஒரே வீட்டுக்காக அனுப்பிச் சோதிக்கும் முறை அங்கே வழக்கத்தில் உள்ளது. அப்படிச் சோதிக்கச் சென்று பொய்த் தகவல் பெற்றவரே வழக்குத் தொடரலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. நாங்கள் இருவரும் சோதிக்கும் நோக்கத்தோடு போகவில்லை. எனினும் ஒப்பிட்டுப் பார்த்திராவிட்டால் இந்த வேறுபாடு எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

நண்பர் அலுவலகத்தில் முறையிட்டதும் அம்மையார் மன்னிப்புக் கேட்டு, மறுநாளே தாமே வந்து தேவிபட்டினம் மனையைக் காட்டினார். அது நல்ல செயல். ஆனால் முறையிடத் துணிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் நியாயம் போதாது. தனியாக வரும் பெண்ணோ, பட்டியல் சாதியைச் சேர்ந்த இளைஞரோ, காட்டப்பட்டதைப் பார்த்துவிட்டு அமைதியாகத் திரும்பிவிட வாய்ப்பு அதிகம். புதிதாக வரும் நல்ல மனைகளின் விவரம் பழைய வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு முதலில் செல்கிறது என்பதும் இதே வகைக் குறைதான். பழைய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஓரிரு சமூகத்தினரே என்பதால், எழுத்தில் எவரையும் விலக்காத விளம்பரம் சென்று சேரும் வழியில் விலக்கிவிடுகிறது.

வாடகைப் பிரிவின் நிலை இதைவிட மோசம். விற்பனைப் படிவத்தில் காட்டிய உறுதி அங்கே தளர்ந்துவிடுகிறது. "சைவம் மட்டும்" என்று வீட்டுக்காரர் சொன்னால் அதை அப்படியே பட்டியலில் எழுதி வைக்கிறார்கள். அதிகாலையில் கரைக்கு வரும் நகரையையும் ஊளியையும் கணவாயையும் நம்பி ஊரே வாழும் இடத்தில், மீன் சமைக்கக் கூடாது என்ற நிபந்தனை யார் யாரை வெளியே நிறுத்தும் என்பது அதை எழுதியவருக்கும் தெரியும். சமையலறையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், கழிவை இன்ன இடத்தில்தான் போட வேண்டும் என்று எழுதினால் வீட்டுக்காரரின் நியாயமான கவலை தீர்ந்துவிடும். "குடும்பத்தினருக்கு மட்டும்" என்பதும் இப்படித்தான். கணவரை இழந்து குழந்தையோடு வருபவரிடம் அது ஒரு சுவராக எழுகிறது. மண்டபம் அகதிகள் முகாமில் வளர்ந்து வெளியே வேலைக்குச் செல்லும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீடு கேட்டால், "சட்டச் சிக்கல்" என்று கையை விரிக்கிறார்கள். இலங்கைக் குடியுரிமை உள்ளவர் ரிசர்வ் வங்கியின் முன்அனுமதியின்றி இங்கே அசையாச் சொத்து வாங்க முடியாது என்பது உண்மை. ஆனால் அந்நியச் செலாவணி விதிகளின் இத்தடை ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்குப் பொருந்தாது. முகாம் பதிவு, காவல்துறைக்குத் தெரிவித்தல் போன்ற நடைமுறைகள் தனியே உண்டு. அவற்றைச் செய்துகொடுப்பதற்குத்தானே தரகு வாங்குகிறார்கள்?

மற்றபடி சேவையில் குறை சொல்ல அதிகமில்லை. விற்பனைக்கு இரு தரப்பிலும் ஒரு சதவீதமும், வாடகைக்கு ஒரு மாத வாடகையும் தரகாக வாங்குகிறார்கள், ரசீது கொடுக்கிறார்கள். முகவர் பதிவு எண் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் கேட்ட அன்றே கிடைத்தன. சர்வேயரை வரவழைப்பதில் மட்டும் தாமதம் ஆனது.

மனை வாங்க விரும்புவோருக்கு, எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராயினும், இந்த அலுவலகத்தின் விற்பனைப் பிரிவைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். செல்பவர்கள் அன்றைய தேதியில் விற்பனைக்கு உள்ள எல்லா மனைகளின் அச்சிட்ட பட்டியலையும் முதலில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பார்க்க விரும்பும் மனையின் சர்வே எண்ணைக் குறித்துக் கொடுத்த பிறகே வண்டியில் ஏற வேண்டும். "முடிஞ்சிருச்சு" என்று சொல்லப்பட்டால் எந்தத் தேதியில் முன்பணம் பெறப்பட்டது என்று கேட்கலாம். ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்று போட்டும் பார்க்கலாம். பட்டியலை அனைவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும், யாருக்கு எந்த மனை காட்டப்பட்டது என்று பதிவேடு வைக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டுக் கொடுத்திருக்கிறேன். விற்பனைப் பிரிவில் இரண்டையும் செய்வதாக அம்மையார் ஒப்புக்கொண்டார். பதிவேடு தொடங்கப்பட்டதையும் பார்த்தேன். வாடகைப் படிவத்திலிருந்து "சைவம்", "குடும்பம்" என்ற இரண்டு கட்டங்களையும் நீக்குவதைப் பற்றிக் கேட்டதற்கு, வீட்டுக்காரர்களிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். அவை நீக்கப்படும் வரை அவர்களுடைய வாடகைப் பிரிவை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.